மின்கோ – ஒன்று

காப்ரொவோ
செப்டம்பர் 3, புதன்

அன்புள்ள நெவெனாவுக்கு,

ஆறாவது மாடிக் கின்கா எழுதுகிறேன். நான் நலம். முழங்கால் இரண்டும் நலமில்லை, ஆனால் அவற்றைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தாள் போதாது. அந்த வெளிநாட்டு லின்ஸில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, சௌக்கியமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இல்லாவிட்டாலும் சௌக்கியம் என்றுதான் எழுதுவாய், உன்னை எனக்குத் தெரியாதா.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இந்தக் கட்டிடத்துச் சுவர்களைப் பற்றி உனக்கே தெரியும். நான் ஆறாவது மாடியில் தும்மினால் ஐந்தாவது மாடியில் உன் புருஷன் ஆயுசு சொல்கிறான். அவனைப் பற்றி அவன் காதில் விழாமல் சொல்ல வேண்டுமென்றால் எழுதித்தான் ஆக வேண்டும். இங்கிருந்து வாராவாரம் உன் ஊருக்கு வண்டி ஓட்டுகிறானே சாவா, வியாழக்கிழமை அவன் வண்டியில் இது வரும்.

உன் பட்டியல் திங்கட்கிழமை வந்து சேர்ந்தது. அடி நெவெனா, அது பட்டியலா, இல்லை மில்லில் நாம் தறிக்கு எழுதுவோமே அந்தக் கணக்கா? பதினோரு வரி. சிவப்புக் கம்பளிப் போர்வை இரண்டு, மடித்தால் இத்தனை செண்டிமீட்டர். பனிட்சா சுடும் வட்டத் தட்டு, பெரியது மட்டும். காபிப் பாத்திரம். தலையணை இரண்டு. தையல் இயந்திரம், தலை மட்டும், கால் வேண்டாம். உங்கள் பையன் காலின், கப்பல் உடையில் நிற்கும் படம். வண்டியில் உனக்குக் கிடைத்திருக்கும் இடம் ஒன்றரை மீட்டருக்கு ஒரு மீட்டர், உயரம் ஜன்னல் வரைக்கும் என்று அதையும் எழுதி, மூலையில் படம் போட்டும் அனுப்பியிருக்கிறாய். முப்பது வருஷம் குடித்தனம் செய்த ஐந்தாவது மாடி வீட்டை ஒரு தாளுக்குள் அடக்க என்னால் முடியாது. எனக்குச் சந்தைக்குப் போகவே இரண்டு தாள் வேண்டும்.

மின்கோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சத்தமாகப் படித்தான். பத்தாவது வரி முடிந்ததும் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "கடைசில என்ன எழுதிருக்கா?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல கின்காக்கா, ஏதோ ஒரு பழைய சாமான்" என்றான். விடுவேனா? பையில் கைவிட்டு எடுத்துப் பார்த்தேன். "மின்கோ – ஒன்று" என்று எழுதியிருந்தாய். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஈஸ்டருக்கு வருகிறேன் என்றான், கூரை ஒழுகுகிறது என்று நின்றுவிட்டான். மே மாதம் காலின் கப்பலிலிருந்து விடுப்பில் வருகிறான் என்றான். ஜூலையில் வெயில் என்றான். நீ அங்கே போய்ப் பதினாலு மாதம் ஆகிறது. போர்வையும் தட்டும் இந்த முறை நிச்சயம் வந்து சேரும். பதினோராவது வரியைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம், அதனால்தான் இந்தக் கடிதம்.

வேலையை மட்டும் உடனே ஆரம்பித்துவிட்டான். அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. கூடத்துத் தரையில் சாக்பீஸால் ஒன்றரைக்கு ஒன்று என்று கோடு போட்டுவிட்டான். உயரத்துக்குச் சுவரில் ஒரு கோடு. அந்தக் கட்டத்துக்குள் அடங்குவது வரும், அடங்காதது வராது. கம்பளத்தைச் சுருட்டி ஓரம் கட்டியிருக்கிறான். இப்போது உன் வீட்டுக்குள் வந்தால் கட்டத்தைச் சுற்றிக்கொண்டுதான் சமையலறைக்குப் போக வேண்டும். தெரியாமல் கோட்டை மிதித்துவிட்டேன், பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி முறைத்தான்.

முதல் சண்டையும் வந்தாயிற்று, மிளகாய் சுடும் அடுப்பால். அங்கே பால்கனி இல்லை, மிளகாயும் இல்லை, வேண்டாம் என்று நீ எழுதியிருக்கிறாய். அவன் அதைக் கொண்டுவந்து கட்டத்தின் நட்டநடுவில் வைத்தான். "பட்டியல்ல இல்லியே" என்றேன். "பட்டியல் எழுதினவளுக்கு செப்டம்பர் வந்தா மூக்கு எங்க போகும்னு எனக்குத் தெரியும்" என்றான். நியாயம்தான். இந்த வாரம் ஊரே சுட்ட மிளகாய் வாசனையில் கிடக்கிறது. ஆனால் நான் உன் கட்சி என்று வாக்குக் கொடுத்திருக்கிறேனே. தூக்கி வெளியே வைத்தேன். நான் காபி போட்டுவிட்டு வருவதற்குள் அது மறுபடி உள்ளே.

நீ ஜெர்மன் படிக்க வீடு முழுக்க ஒட்டிய சீட்டுகள் இன்னும் அப்படியே இருக்கின்றன, தெரியுமா? கதவில், ஜன்னலில், குளிர்பெட்டியில், உப்பு ஜாடியில். மிளகாய் அடுப்பில் மட்டும் வெற்றுச் சீட்டு. அதற்கு அவர்களிடம் வார்த்தை இல்லை என்று கோபித்துக்கொண்டாயே. மில் மூடினபோது உனக்கு நாற்பத்தாறு வயது. நாம் எல்லாரும் வாசலில் நின்று அழுதோம். நீ மறுநாளே செவிலிப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தாய். ஐம்பதில் ஜெர்மன். நானும் உன்னோடு வகுப்புக்கு வந்தேன், மூன்றாவது வாரம் நின்றேன். வாத்தியார் சரியில்லை என்று எல்லாரிடமும் சொன்னேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இப்போது எழுதுகிறேன், வாத்தியார் நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தார்.

இன்னொன்று. பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில், மஞ்சள் கைப்பிடித் திருப்புளி உன்னிடம் இருப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறாய். பாவி, பதினாலு மாதமாக அதை யார் எடுத்தது என்று இங்கே பெரிய விசாரணை. ஆறு திருப்புளி உள்ள பெட்டியில் ஒரு பள்ளம் காலி. பாவம் சாவாவைச் சந்தேகப்பட்டு ஒரு மாதம் அவனோடு பேசாமல் இருந்தான் உன் புருஷன்.

வண்டி 25ஆம் தேதி. ஓட்டுபவர் பக்கத்து இருக்கை வேண்டுமா வேண்டாமா என்று 23க்குள் சாவாவுக்குச் சொல்லிவிட வேண்டும். மின்கோவைக் கேட்டால் "பாக்கலாம்" என்கிறான்.

தெய்வம் உன் கைக்கு வலுவைக் கொடுக்கட்டும். நீ தூக்கி உட்கார வைக்கும் முதியவர்களில் ஒருவராவது உனக்கு நன்றி சொல்லட்டும்.

உன்
கின்கா


காப்ரொவோ
செப்டம்பர் 17, புதன்

அன்புள்ள நெவெனா,

நல்ல சேதியும் இருக்கிறது, கெட்ட சேதியும் இருக்கிறது. நல்லதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அதைச் சொல்ல எனக்கு ஆசையாக இருக்கிறது.

உன் புருஷனை வாயில்லாப் பூச்சி என்று நான் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அந்தப் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். அந்தக் கட்டத்தை நீ வந்து பார்க்க வேண்டும். பனிட்சாத் தட்டை அடியில் வைத்து, அதற்குள் சின்னத் தட்டு, அதற்குள் காபிப் பாத்திரம், அதற்குள் உன் ஊசி நூல் டப்பா. தையல் இயந்திரத்தின் தலையைத் தலையணை இரண்டுக்கும் நடுவில் படுக்க வைத்திருக்கிறான், குழந்தையைப் படுக்க வைக்கிற மாதிரி. மாமிசம் அரைக்கும் இயந்திரத்தைக் கழற்றி, துண்டு துண்டாக உன் பூட்ஸுக்குள் இறக்கிவிட்டான். ஒரு விரல் இடம் வீணாகவில்லை. பூனை நுழைந்ததும் கதவு சீக்கிரம் மூடட்டும், கணப்புச் சூடு வீணாகக் கூடாது என்று அதன் வாலை வெட்டின கஞ்சர்கள் ஊர்க்காரன் அல்லவா, காற்றைக் கூடச் சும்மா ஏற்றிவிட மனசு வரவில்லை. நாலாவது மாடிக் காலி வீட்டின் பூட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்த முனிசிபாலிட்டி ஆள் கூட நின்று பார்த்துவிட்டு, "ஐயா, எனக்கும் ஒரு நாள் இப்படிக் கட்டிக் குடுங்க, நானும் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வாசல் அழைப்பு மணியையும் கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டான். "இது எதுக்குய்யா?" என்றேன். "அங்க மணி அடிச்சா வேற யார் வீட்டு மணியோ அடிக்கிற மாதிரி இருக்காம். போன்ல சொன்னா" என்றான். நீ எப்போதோ பேச்சுவாக்கில் சொன்னது. இப்போது நான் வந்தால் கதவைத் தட்டுகிறேன், கை வலிக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கட்டிடத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டி மிளகாய் விழுது கிண்டினோம், அவனும் நானும் மட்டும். முன்பெல்லாம் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வரிசையாக நின்று கிண்டுவோமே, கரண்டிக்கு அடிதடி நடக்குமே. இப்போது அண்டா ஒன்று, ஆள் இரண்டு. அவன் தோல் உரித்தான், நான் கிண்டினேன். முப்பது சீசா வந்தது. நன்றாக வந்திருக்கிறது, கொஞ்சம் உப்புக் கூட.

இனி கெட்ட சேதி. திங்கட்கிழமை சாவா அளவு பார்க்க வந்தான். மின்கோ முப்பது சீசாவையும் காட்டி, "இதெல்லாம் உன் பக்கத்து சீட்டுல வெச்சுக்க. பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிடலாம்" என்றான். சாவா என்னைப் பார்த்தான். நான் சாவாவைப் பார்த்தேன். "அப்ப நீங்க எங்க உக்காருவீங்க?" என்று சாவா கேட்டான். "சாமான் போய்ச் சேரட்டும் முதல்ல" என்று மென்று விழுங்கினான் உன் புருஷன்.

சாவா போனதும் நான் கதவைச் சாத்தினேன். "போறியா, இல்லியா? மூஞ்சியப் பாத்துச் சொல்லு" என்றேன். அவன் கட்டத்தின் கோட்டைப் பார்த்தபடி தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வருவாயா என்று அங்கே கேட்டபோது நீ நம் ஊர் வழக்கப்படி மேலும் கீழும் ஆட்டி, மாட்டேன் என்று சொன்னதாக நினைத்துக்கொண்டு, ஒரு மாதம் ஒவ்வொரு ஞாயிறும் வேலைக்குப் போனாயே, நினைவிருக்கிறதா? அவர்களுக்கு அது 'சரி'. நமக்கு அது 'இல்லை'. நெவெனா, அவன் ஆட்டினது நம் ஊர் ஆட்டல்.

அப்புறம் கொட்டித் தீர்த்துவிட்டான். அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "அவ காலைல வேலைக்குப் போயிடுவா. நான் ஜன்னல் ஓரம் உக்காந்துகிட்டு என்ன பண்ணுவேன் கின்காக்கா? ரொட்டி வாங்கக் கூட எனக்கு வாய் வராது. அவ போர்வையப் பாத்தா சந்தோஷப்படுவா, தட்டப் பாத்தா சந்தோஷப்படுவா, அதுக்கெல்லாம் அங்க வேலை இருக்கு. என்ன வெச்சுகிட்டு என்ன பண்ணுவா? மூலைல நிறுத்தித் தூசி தட்டணும்" என்றான். திட்ட வாயெடுத்தேன், வரவில்லை. ஏனென்றால் அது பொய்ச்சாக்கு இல்லை, நெவெனா. உன்னை நினைத்து அவனுக்கு அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைதான் அவன் காலைக் கட்டியிருக்கிறது. கடைத்தெருவில் யாரைப் பார்த்தாலும் "என் பொண்டாட்டி அம்பது வயசுல படிச்சுப் பாஸ் பண்ணினா" என்று ஆரம்பிப்பவன், அவளுக்குப் பக்கத்தில் நிற்கப் பயப்படுகிறான்.

அதோடு விட்டானா? "அதுவும் இல்லாம, இங்க லிஃப்ட யாரு பாப்பா? நான் போனா ஒரு வாரத்துல நின்னுடும். இந்த முழங்கால வெச்சுகிட்டு ஆறு மாடி ஏறுவியா நீ? இந்தப் படிக்கட்டுல உன்னயும் என்னயும் விட்டா யாரு இருக்கா?" என்றான்.

இருக்கிறவள் நான் ஒருத்தி, என்னையே சாக்காக வைத்துவிட்டான். நான் என்ன செய்தேன் தெரியுமா? யோசிக்காமல், "யோவ், எனக்காக நீ நிக்க வேணாம். நானே வீட்டப் பூட்டிட்டு பிளோவ்திவ்ல எங்க அக்காகிட்டப் போறேன். பனி விழறதுக்கு முன்னாடி" என்றேன். அவன் என்னை உற்றுப் பார்த்தான். "அக்கா கூப்பிட்டாங்களா?" என்றான். "ரெண்டு தடவ" என்றேன்.

என் அக்காவைப் பற்றி உனக்குத் தெரியும். அப்பா வீட்டைப் பங்கு போட்டதிலிருந்து பதினோரு வருஷமாக எனக்குக் கதவு திறக்காதவள். நான் பண்டிகைக்கு அனுப்பும் வாழ்த்து அட்டை கூடத் திரும்பி வந்துவிடும். அவனிடம் நீ இதைச் சொல்லிவிடாதே. சொன்னால் உனக்கும் எனக்கும் இந்த ஜென்மத்தில் பேச்சு இல்லை.

பொய் வேலை செய்ததா என்று தெரியவில்லை. சீசாக்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே இருக்கிறான். நீ ஏதாவது எழுது. 'வா, வா' என்று எழுதாதே, அது பதினாலு மாதமாக அவன் காதில் விழுந்து மரத்துப்போய்விட்டது. வேறு ஏதாவது எழுது. எனக்குத்தான் எழுது, படித்துக் காட்டுகிறேன். திங்கட்கிழமை சாவா வரும்போது கையில் இருக்கட்டும்.

கடவுள் உனக்கு நல்ல வார்த்தை கொடுக்கட்டும்.

உன்
கின்கா


காப்ரொவோ
செப்டம்பர் 28, ஞாயிறு

என் அன்பு நெவெனா,

இது உன் கைக்கு வரும்போது அவன் உன் சமையலறையில் உட்கார்ந்து, எந்தத் திருகு தளர்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவன் சொன்னது பாதி, சொல்லாதது பாதி இருக்கும். சொல்லாத பாதியை நான் எழுதிவிடுகிறேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதில் என்ன மந்திரம் இருக்கிறது என்று பார்த்தேன். ஒன்றும் இல்லை. மழை என்று எழுதியிருந்தாய். அங்கே ரொட்டி வாயில் வைக்க விளங்கவில்லை என்று எழுதியிருந்தாய். முதியோர் இல்லத்துச் சக்கர நாற்காலிகளில் பிரேக் பிடிக்காமல் கிடக்கிறது, பழுது பார்ப்பவன் மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறான், அதனால் மஞ்சள் திருப்புளியை வைத்து நீயே பதினாலு நாற்காலியைச் சரிபண்ணிவிட்டாய் என்று எழுதியிருந்தாய். நெவெனாவா இப்படி எழுதினாள் என்று எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இருந்தாலும் படித்துக் காட்டினேன்.

திருப்புளி என்ற இடம் வந்ததும் அவன் சீசா சுற்றுவதை நிறுத்தினான். "எத, மஞ்சள் கைப்பிடியா?" என்றான். "ஆமாய்யா." "திருப்பிப் படி." படித்தேன். எழுந்து நின்றுவிட்டான். "அது ரேடியோவுக்குள்ள இருக்கற திருகுக்கு வெச்சிருந்தது. பிரேக்குல போட்டு முறுக்கினா மரையத் தின்னுடும். பாக்க இறுகின மாதிரி இருக்கும், ஆள் சாஞ்சா உருண்டுடும். பதினாலு நாற்காலி! சரிவுல நிறுத்தினா கெழவன் கெழவியெல்லாம் ஆத்துல போய் நிப்பாங்க" என்றான். "அதுக்கு என்ன பண்றது?" என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு. "என்ன பண்றதா? நாலாம் நம்பர் வேணும். அவளுக்கு நாலாம் நம்பர் எதுன்னே தெரியாது" என்றான்.

அவன் பெட்டியைத் திறந்து ஐந்து திருப்புளியையும் மேஜைமேல் வரிசையாக வைத்தான். காலிப் பள்ளத்தில் விரலை வைத்தான். "ஆறையும் எடுத்துட்டுப் போயிருக்கலாம். ஒண்ண மட்டும் எதுக்கு எடுத்தா?" என்று கேட்டான். "மிச்சம் அஞ்சும் தானா தேடி வரட்டும்னுதான், மரமண்டை" என்றேன். சட்டைப் பையிலிருந்து உன் பட்டியலை எடுத்தான். மூன்று வாரம் பையில் கிடந்து நைந்துபோயிருந்தது. பதினோராவது வரிக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் போட்டான். அப்புறம் கீழே போய்ச் சாவாவிடம் பக்கத்து இருக்கை தனக்கு என்று சொல்லிவிட்டு வந்தான். நான் உன் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சுவர் மெல்லியது பார்.

உண்மையிலேயே அந்தச் சின்னத் திருப்புளியால்தான் முறுக்கினாயா, இல்லை அவனுக்காக அப்படி எழுதினாயா? எனக்கு மட்டும் சொல். எப்படியிருந்தாலும் உனக்கு ஒரு கும்பிடு.

சீசாக்களுக்கு இடம் போய்விட்டது. எட்டை மடியில் வைத்துக்கொண்டு வந்தான், மீதி இருபத்திரண்டும் என் தலையில். மிளகாய் அடுப்பு என்ன ஆயிற்று என்று கேட்பாய். சிவப்புப் போர்வையை விரித்திருந்தால் பார்த்திருப்பாய். அவனைத் திட்டாதே, அதைச் சுற்றிக் கட்டினது நான்தான். சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்துச் சுடு. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வந்தால் ஒரு மிளகாயை அவர்கள் வாயில் வை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வண்டி வந்தது. அவன் அடுக்கின மாதிரியே கட்டத்தை அப்படியே பெயர்த்து வண்டியில் இறக்கினான், ஒரு சாமான் கூட இடம் மாறவில்லை. சாவா தலையில் கை வைத்துக்கொண்டு நின்றான். நான் மேலே போய், நீ எனக்கென்று விட்டுவிட்டுப் போன செப்புக் குடத்தில் தண்ணீர் நிரப்பி, ஆரோக்கியத்துக்கு என்று நாம் வைக்கும் ஸ்திராவெட்ஸ் செடித் தழையைச் சிவப்பு நூலால் கட்டிப் போட்டுக்கொண்டு வந்தேன். உனக்கும் அதே குடத்தில்தான் அவன் ஊற்றினான். நீ திரும்பிப் பார்க்காமல் ஈரத்தை மிதித்துக்கொண்டு நடந்தாய். போகிற வழி தண்ணீர் மாதிரி ஓடும் என்று சொல்லி இந்தப் படிக்கட்டிலிருந்து பதினோரு வீட்டை நாம் அனுப்பியிருக்கிறோம். கடைசி எட்டு வீட்டுக்கு ஊற்றினவள் நான்.

வாசற்படியில் ஊற்ற ஆரம்பித்தேன். பாதி ஊற்றினதும் மின்கோ என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "போதும்" என்றான். "யோவ், குடத்தக் கவுத்து முழுசா ஊத்தணும். பாதில நிறுத்தக் கூடாது" என்றேன். "எனக்குப் பாதி போதும் கின்காக்கா. காப்ரொவோக்காரன் தானே, பாதித் தண்ணிலயே போய்ச் சேர்ந்துடுவேன். மிச்சத்த வெச்சுக்க. எல்லாரும் போயாச்சு. நீ கெளம்பறப்போ ஊத்த ஆள் இருக்காது, நீயேதான் ஊத்திக்கணும். அப்ப நான் ஊத்தினதா இருக்கட்டும்" என்றான்.

"பிளோவ்திவ் போறதுக்கு அரைக் குடம் ஜாஸ்தி" என்று எதையோ உளறினேன். அவன் என் கையை விடவில்லை. "உனக்குப் பொய் சொல்ல வராது. சொன்னா மூக்கு சிவக்குது" என்றான். அப்புறம் ஈரத்தை மிதித்துக்கொண்டு போய் வண்டியில் ஏறி, எட்டு சீசாவையும் மடியில் வாங்கிக்கொண்டான். திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நான் முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மேலே போக லிஃப்டில் ஏறினபோதுதான் பார்த்தேன். உள்ளே பொத்தானுக்குப் பக்கத்தில், மின்பெட்டியில், கதவில், எல்லா இடத்திலும் சீட்டு ஒட்டியிருக்கிறான். நீ ஒட்டினாயே, அதே மாதிரிச் சதுரச் சீட்டுகள், அதே பசை. "நின்றுவிட்டால் இந்தச் சிவப்பை அமுக்கு." "இதைத் தொடாதே." "இது சத்தம் போடும், பயப்படாதே." ஒன்றில் மட்டும், "பிளோவ்திவ் போகாதவர்கள் முதலில் கதவைச் சரியாகச் சாத்தவும்" என்று இருந்தது. ஆறாவது மாடி வருவதற்குள் எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டேன். மறுபடி கீழே போய் இன்னொரு தடவை படித்துக்கொண்டே வந்தேன்.

உன் செடிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். சாக்பீஸ் கோட்டை அழிக்கவில்லை, மனசு வரவில்லை. அதைச் சுற்றிக்கொண்டுதான் நடக்கிறேன். அங்கே போகும்போது உன் பழைய சீட்டுகளைப் பார்க்கிறேன். சும்மா இருக்கட்டும் என்று படிக்க ஆரம்பித்தேன். சிரிக்காதே. கதவு, ஜன்னல், நாற்காலி, உப்பு, கண்ணாடி என்று நாலு நாளில் முப்பத்தொரு வார்த்தை வந்துவிட்டது. தலையணைக்கும் போர்வைக்கும் காபிப் பாத்திரத்துக்கும் மட்டும் எனக்கு வார்த்தை தெரியாது. அவை சீட்டோடு உன்னிடம் வந்துவிட்டன. ரொட்டிக்குத் தெரியும். ரொட்டியைப் பற்றி நீ எழுதினதையும் நான் மறக்கவில்லை. எனக்கு முப்பது வருஷம் மில், அப்புறம் ஐந்து வருஷம் ரொட்டிக் கடை வேலை. மாவு பிசைய முழங்கால் வேண்டியதில்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்கள் இருவரும் பதினாலு மாதம் பேசாததை முதலில் பேசி முடியுங்கள். அவனுக்கு ரொட்டி வாங்கும் வார்த்தையைச் சொல்லிக்கொடு. அவனைத் தூசி தட்டி மூலையில் நிறுத்திவிடாதே. அப்படி நிறுத்தினாலும் அந்த மூலையில் ஏதாவது ஆடிக்கொண்டிருந்தால் சரிபண்ணிவிடுவான். உங்கள் வழி தண்ணீர் மாதிரி ஓடட்டும், பாதி ஊற்றினாலும் முழுசாகப் பலிக்கட்டும்.

அந்த அரைக் குடம் தண்ணீர் என் சமையலறை அலமாரியில் இருக்கிறது. வற்றாமல் இருக்கத் தட்டுப் போட்டு மூடியிருக்கிறேன். சாவா வியாழக்கிழமைதோறும் போய்த் திங்கட்கிழமை வருகிறான். எப்போதாவது உனக்கு ஒழிந்தால், ஒரு தாளில் ஒரு வரி எழுதி அவனிடம் கொடுத்துவிடு. செண்டிமீட்டர் எல்லாம் எழுத வேண்டாம். பெயரும் எண்ணிக்கையும் போதும்.

உன்
கின்கா